ஐந்தரைக் கட்டை

ஆவடி
4-10-1936

அன்புள்ள ரோஸிக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த சேதியைப் பூ வண்டிக்காரன் கன்னியப்பன் சொன்னான். மல்லிகைக் கூடைகளைக் காலை ரயிலில் ஏற்ற வந்தவன் பார்சல் ஆபீஸ் வாசலில் நின்று, "அம்மாவ கரையான்சாவடில அண்ணன் ஊட்ல எறக்கி உட்டேன் சார். வழி பூரா ஒரு வார்த்த பேசல. பொட்டிய மடியில வச்சிகினே வந்துச்சு" என்றான். அவ்வளவு தூரம் நீ பேசாமல் போனாய் என்றால் அவன் மாடுகளுக்கே வழி மாறிவிட்டதோ என்று சந்தேகம் வந்திருக்கும்.

அண்ணிக்குப் பிரசவ நேரம், ஒத்தாசைக்குப் போயிருக்கிறாய் என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். மீன்காரி எல்லம்மாவைத் தவிர மற்றவர்கள் நம்பினார்கள். "ஒத்தாசைக்குப் போறவ ஆர்மோனியப் பொட்டிய பொடவைல சுத்தி எட்த்துகினு போவாளா நைனா?" என்று அவள் கேட்டாள். நான் விரால் என்ன விலை என்று விசாரித்தேன்.

நடந்ததை நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் மகள் சாமுண்டீஸ்வரியின் கல்யாணத்துக்கு வெறுங்கையோடு போக முடியாது. கடையில் வாங்கிய வெண்கலச் சாமானை எல்லோரும்தான் கொடுப்பார்கள். நான் செய்ததைப் போல ஒன்றை அந்தக் கல்யாணத்தில் வேறு யாரும் கொடுக்கவில்லை. ஒரு பக்கம் சதுரங்கம். திருப்பினால் ஆடுபுலி ஆட்டம். அடியில் ஒரு இழுப்பறை, அதில் பாதி தபால் தலை வைக்க, பாதி தூண்டில் முள் வைக்க. நான்கு பொழுதுபோக்கு, ஒரே பலகை. மாப்பிள்ளை கோவிந்தன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குக் காய்ந்த தேக்கு வேண்டும். மழை தொடங்குகிற சமயத்தில் காய்ந்த தேக்குக்கு எங்கே போவேன்? உன் ஆர்மோனியத்தின் மூடி இருபது வருஷம் காய்ந்த மரம். அதை எடுத்தேன். பெட்டியைத் தொடவில்லை, துருத்தியைத் தொடவில்லை, மூடியை மட்டும்தான் எடுத்தேன். வேறு மூடி செய்து தருவதாக அன்றைக்கே சொன்னேன்.

இன்னொன்று. அந்த மூடியைச் செய்த தச்சன் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. உள்பக்கம் பென்சிலால் 5½ என்று அளவு குறித்திருந்தான். நான் கோல் வைத்துப் பார்த்தேன். மூடியில் எந்த இடமும் ஐந்தரை அங்குலம் இல்லை. இழைப்புளியை ஒரு முறை ஓட்டியதும் போய்விட்டது.

பருத்திப்பட்டு ஏரிக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. பூனை உன் தலையணையில் படுக்கிறது. குழந்தை பிறந்ததும் எழுது.

உன்
வேதமுத்து

&nbsp;

சேசு மரி சூசை
கரையான்சாவடி
9-10-1936

மகாராஜராஜஸ்ரீ ஆவடி பார்சல் குமாஸ்தா அவர்களுக்கு,

இவ்விடம் எல்லோரும் சுகம். அவ்விடம் சுகம் என்று கன்னியப்பன் சொல்லிவிட்டதால் நான் கேட்கவில்லை.

சாமுண்டீஸ்வரி நல்ல பெண். அவள் தூண்டில் போட்டு நான் பார்த்ததில்லை. தபால் தலை சேர்த்தும் பார்த்ததில்லை. தூண்டில் போடுகிறவர் யார், தபால் தலை சேர்க்கிறவர் யார் என்று ஊருக்கே தெரியும். நீங்கள் பரிசு கொடுக்கிறதாக நினைக்கிறீர்கள். உங்கள் விளையாட்டுச் சாமான்களை ஊரார் வீடுகளில் கொண்டுபோய் வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

தபால்காரர் குழந்தைக்கு ஒரு தொட்டில் செய்தீர்கள். அதன் காலில் மைனா போலக் கத்துகிற ஊதல். குழந்தை தூங்கும்போது யாராவது காலைத் தட்டினால் மைனா கத்தும், குழந்தையும் கத்தும். கோவில் சாமியாருக்கு மூக்குப்பொடி டப்பா செய்தீர்கள், மூடியில் சதுரங்கக் கட்டம். பூசைக்கு நடுவில் அவர் யாரோடு சதுரங்கம் ஆடுவார்? கல்யாணமாகி எட்டு வருஷத்தில் எனக்கு நீங்கள் செய்துகொடுத்தது ஒரு அரிவாள்மணைப் பலகை. அதிலும் ஓரத்தில் தூண்டில் முள் செருகி வைக்க ஒரு பள்ளம் இருந்தது. கீரை அரியும்போது முள் என் விரலில் ஏறியது உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

அதெல்லாம் போகட்டும் என்று இருந்தவள்தான் நான். மூடி விஷயம் போகாது. அந்தப் பெட்டி அப்பா வாங்கிக் கொடுத்தது. பென்சிலால் எழுதியவர் தச்சன் இல்லை. அப்பா. நீங்கள் கோல் வைத்து அளந்து, தப்பு என்று சொல்லி, இழைத்துத் தள்ளிய எழுத்து அவர் கையெழுத்து. அவர் எழுதியதில் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

சூசையப்பரும் தச்சுவேலைக்காரர்தான். மாதாவின் பெட்டியைப் பிரித்து நசரேத்து ஊர்க் கல்யாணங்களுக்குப் பரிசு செய்தார் என்று எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

இங்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பாட்டும் தையலும் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். ஜனவரியில் சேர வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பதில் கேட்டிருக்கிறார்கள். சேர்ந்தால் இங்கேயே இருந்துவிடலாம் என்று அண்ணன் சொல்கிறான். அங்கே ஆர்மோனியம் இருக்கிறது. மூடியும் இருக்கிறது.

பூனையைத் தலையணையை விட்டு எழுப்பவும்.

ரோஸி

&nbsp;

ஆவடி
14-10-1936

அன்புள்ள ரோஸிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது மைனா ஊதல் விஷயத்தில் நீ சொல்வது சரியென்று பட்டது.

உன் அப்பா எழுத்து என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இழைப்புளியை அந்தப் பக்கம் கொண்டுபோயிருக்க மாட்டேன். இதை நீ நம்ப வேண்டும்.

பள்ளிக்கூட வேலை பற்றி எழுதியிருக்கிறாய். இக்னேஷியஸ் மச்சானுக்குச் சைக்கிள் கடையில் போதுமான வேலை இல்லை போலிருக்கிறது, தங்கைக்கு வேலை பார்க்கிறார். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பதில் சொல்ல அவசரப்படாதே.

உனக்கென்று நான் எதுவும் செய்ததில்லை என்கிறாய். இப்போது செய்கிறேன். என் யோசனை எதையும் அதில் நுழைக்கவில்லை. நீயே சொல். உன் அளவு என்ன என்று ஒரு வரி எழுது. அதன்படி அரை இம்மி கூடாமல் குறையாமல் செய்து அனுப்புகிறேன். அது சரியாக இருந்தால் திரும்பி வா. இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் போ, நான் தடுக்கவில்லை.

உன்
வேதமுத்து

&nbsp;

கரையான்சாவடி
21-10-1936

அவர்களுக்கு,

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் குழந்தையும் நலம். குழந்தைக்கு நல்ல குரல். மழைக்காற்றில் கதவு படார் என்று அடிக்கும்போதெல்லாம் விழித்துக்கொண்டு அதைக் காட்டுகிறது.

அளவு கேட்டிருந்தீர்கள். என் அளவு ஐந்தரைக் கட்டை. எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது.

ரோஸி

&nbsp;

ஆவடி
8-11-1936

அன்புள்ள ரோஸிக்கு,

இத்துடன் கன்னியப்பன் வண்டியில் ஐந்தரைக் கட்டை வருகிறது.

நீ எழுதிய ஒரு வரி என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை. மரம் கேட்கிறாள், எந்த மரம் என்று சொல்லவில்லை. முதலில் ஐந்தும் ஒரே மரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு, ஐந்து என்று பிரித்துச் சொன்னவள் ஐந்து விதமாகத்தான் எதிர்பார்ப்பாள் என்று தோன்றியது. பலா, பூவரசு, வேம்பு, மா, தேக்கு. தேக்கு நானே வாங்கியது, பயப்படாதே.

அப்போதுதான் உன் அப்பா எழுதிய 5½ ஞாபகம் வந்தது. அந்தப் பெட்டி செய்ய ஐந்தரைக் கட்டை மரம் பிடித்திருக்கிறது. அதை அவர் உள்ளே குறித்து வைத்திருக்கிறார். கணக்குத் தெரிந்த மனிதர். நான் அங்குலம் என்று நினைத்து அளந்தது என் தப்பு.

பலாக் கட்டையைக் குடைந்து தபால் தலைப் பெட்டியாக்கினேன், நழுவி மூடுகிற மூடியோடு. பூவரசுக் கட்டையில் தூண்டில் நூல் சுற்றிக்கொள்ளலாம். வேப்பங்கட்டை ஊதல். மைனா வேண்டாம் என்றாய், அதனால் குயில். மாங்கட்டைக்குள் ஆடும் புலியும் செதுக்கிப் போட்டிருக்கிறேன், ஆட்டினால் குலுங்கும். தேக்குக் கட்டை மைக்கூடு, அதன் முகப்பில் ஆவடி ஸ்டேஷனை வர்ணத்தில் எழுதியிருக்கிறேன். கொடி பிடித்துக்கொண்டு நிற்பவர் ஸ்டேஷன் மாஸ்டர், ஜன்னலில் தெரிகிற தலை என்னுடையது. ஐந்தையும் ஒன்றோடு ஒன்று கோத்தால் ஒரே பெட்டியாகிவிடும். ஆணி ஒன்றுகூட இல்லை.

அரைக் கட்டைதான் திண்டாட வைத்தது. எல்லம்மாவைக் கேட்டேன். "அரக் கட்டன்னா இன்னா நைனா, உன்ன மாதிரிதான். பாதி வெந்து பாதி வேகாத கீற வெறகு" என்றாள். அவளிடம் கேட்டிருக்கக் கூடாது. கடைசியில் நுணா மரத்தில் ஒரு துண்டை எடுத்து, பாதியாக அறுத்து, மழமழவென்று இழைத்து, அப்படியே விட்டுவிட்டேன். அது எதற்கு என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

அளவில் குறை இருக்காது. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன்
வேதமுத்து

&nbsp;

சேசு மரி சூசை
கரையான்சாவடி
12-11-1936

அவர்களுக்கு,

கன்னியப்பன் சாக்கை இறக்கி வைத்து, "ஐயா வெறகு அனுப்சிகீறாரும்மா" என்றான். அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். "இன்னா ரோஸி, மச்சான் மழைக்காலத்துக்கு அடுப்பெரிக்கக் குட்த்தாரா? வார்னிஷ் அடிச்ச வெறகா கீதே" என்றான். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். அண்ணி கட்டிலிலிருந்து என்ன என்ன என்று கேட்டாள். கடிதத்தைக் கொடுத்தேன். பிரசவித்த உடம்பு, சிரிக்காதே என்று மருத்துவச்சி சொல்லியிருக்கிறாள். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிற வரைக்கும் சிரித்தாள். குழந்தை விழித்துக்கொண்டது.

சிரித்து முடித்த பிறகு கடிதத்தைத் திரும்ப வாங்கி மறுபடி படித்தேன்.

கட்டை என்றால் மரம் மட்டும் இல்லை. ஆர்மோனியத்தில் விரல் வைக்கிற ஒவ்வொன்றும் கட்டை. வெள்ளையில் முதலாவது ஒரு கட்டை, அதை அடுத்த கறுப்பு ஒன்றரை, அடுத்த வெள்ளை இரண்டு. இப்படிப் போகும். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு கிடையாது, அதனால் மூன்றரை என்று ஒன்று இல்லை. பாடுகிற ஒவ்வொருவருக்கும் குரல் ஒரு கட்டையில் நிற்கும். அதற்கு மேலே போனால் கத்தல், கீழே போனால் முனகல். என் குரல் ஐந்தரைக் கட்டையில் நிற்கும். எனக்குப் பதினோரு வயதில் அப்பா அதைக் கண்டுபிடித்து, மறக்காமல் இருக்க மூடிக்குள் எழுதி வைத்தார். நீங்கள் அதை அங்குலம் என்றீர்கள். இப்போது விறகுக் கணக்கு என்கிறீர்கள்.

மூடியை எடுத்ததுகூட எனக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை. எட்டு வருஷமாகத் தினம் சாயங்காலம் நீங்கள் கொல்லையில் மரம் இழைக்கிறீர்கள், நான் உள்ளே பாடுகிறேன். என் அளவு என்ன என்று இழைப்புளிக்கு எட்டவில்லை என்றால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். உங்களுக்குமா எட்டவில்லை? ஒரு பாட்டுக்காவது நீங்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததுண்டா?

ஐந்து கட்டையும் இதே வண்டியில் திரும்பி வருகின்றன. வேலை சுத்தமாக இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பலாக் கட்டையின் மூடி ஈரத்தில் ஊதி இறுகிவிட்டது, திறக்க வரவில்லை. ஐந்தையும் பார்த்தேன். தபால் தலை, தூண்டில், ஊதல், ஆடுபுலி, ரயில். அதில் நான் எங்கே இருக்கிறேன்? ஸ்டேஷன் ஜன்னலில்கூட உங்கள் தலைதான் தெரிகிறது.

அரைக் கட்டையை மட்டும் வைத்துக்கொள்கிறேன். கதவுக்கு முட்டுக் கொடுக்கச் சரியாக இருக்கிறது. குழந்தை தூங்குகிறது.

ரோஸி

&nbsp;

ஆவடி
22-11-1936

அன்புள்ள ரோஸிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எதை எழுதினாலும் சமாதானம் சொல்வதுபோல இருந்தது.

நம் கோவில் உபதேசியாரைப் போய்ப் பார்த்தேன். ஐந்தரைக் கட்டையைக் காட்டுங்கள் என்றேன். அவர் கோவில் ஆர்மோனியத்தைத் திறந்து ஒரு கறுப்பில் விரல் வைத்தார். அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலங்களில் கொல்லையில் கேட்டதுதான். கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், அதற்கு ஒரு பெயர் உண்டு என்று தெரியாது. "ரோஸியம்மா குரல் இதுதான். ஊரில் எல்லோருக்கும் தெரியுமே" என்றார் அவர். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுத் திருநின்றவூரில் இறங்கி வேப்பம்பட்டுக்கு நடந்தேன். சாமுண்டீஸ்வரி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு போனேன். போனால் புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் பலகையில் ஆடுபுலி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"கல்யாணப் பரிசத் திருப்பிக் கேக்க வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார் கோவிந்தன். அவர் கையில் புலி இருந்தது.

"எப்பவும் இவுருதான் புலி. நான் ஆடு. கல்யாணம் ஆன நாள்லேருந்து வெட்டுப் பட்டுக்கினே கீறேன்" என்றாள் சாமுண்டீஸ்வரி. "பாட்டுப் பொட்டி மூடின்னு மொதல்லியே சொல்லக் கூடாதா மாமா? ரோஸி அக்கா பொட்டிய ஒடச்சா எனக்குக் குட்த்தீங்க?"

கோவிந்தன் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் கொண்டு போகலாம் என்றார். நான் ஆடாக ஆடித் தோற்றேன். இரண்டாவது ஆட்டத்திலும் தோற்றேன். அதற்குள் சாமுண்டீஸ்வரி பலகையைத் துணியில் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். அவர்களுக்கு வேப்பமரத்தில் வேறு ஒன்று செய்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். இழுப்பறையில் தூண்டில் முள் வேண்டாம், பாக்கு வைக்க இடம் போதும் என்றாள். கேட்டுத்தான் செய்கிறேன்.

மூடி இந்த வண்டியில் வருகிறது. இழுப்பறையைக் கழற்றிவிட்டு, வெளிப்பக்கத்துச் சதுரங்கத்தைச் சுரண்டி எடுத்து, பழையபடி மெருகு போட்டுவிட்டேன். உள்பக்கம் ஆடுபுலிக் கோடுகள் ஆழமாக வெட்டியவை, அவை போகாது. போகிற வரை இழைத்தால் மூடி காகிதமாகிவிடும். 5½ என்று பென்சிலால் எழுதிப் பார்த்தேன். உன் அப்பா எழுத்துப் போல வரவில்லை. அழித்துவிட்டேன்.

இதை வைத்து உன்னை வா என்று கேட்கவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

வேதமுத்து

&nbsp;

கரையான்சாவடி
29-11-1936

அன்புள்ள உங்களுக்கு,

மூடி வந்து சேர்ந்தது. பெட்டியில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் மூன்று நாளாக எனக்கு அது கிடைக்கவில்லை. அண்ணன் உள்பக்கத்துக் கோடுகளைப் பார்த்துவிட்டான். கடை அடைத்ததும் மூடியைக் கழற்றி மல்லாத்திப் போட்டுக்கொண்டு கன்னியப்பனோடு உட்கார்ந்துவிடுகிறான். "ஆட்டத் தொட்டா வண்டில ஏத்த மாட்டேன், பார்த்துக்கோ அண்ணாத்தே" என்று கன்னியப்பன் மிரட்டுகிறான். நேற்று நான் பாட வேண்டும் என்று கேட்டதற்கு, ஒரு புலி மாட்டிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறு என்றான்.

கோடுகள் இருக்கட்டும். மூடிய பிறகு வெளியே தெரியாது. பாடும்போது உள்ளே புலி இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நீங்கள் வேப்பம்பட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கியதையும் இரண்டு ஆட்டம் தோற்றதையும் அண்ணி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "போய்க் கேட்டாரே" என்று மட்டும் சொன்னாள்.

அப்பா எழுத்தைப் போல எழுதிப் பார்த்து அழித்தது நல்லது. அதை நீங்கள் எனக்குச் சொன்னதும் நல்லது.

பள்ளிக்கூடத்தில் தலைமைக் கன்னியாஸ்திரி மறுபடி கேட்டுவிட்டார். இருபதாம் தேதி சொல்கிறேன் என்றிருக்கிறேன். குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க எனக்குப் பிடிக்கும் என்பதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் மேல் உள்ள கோபத்துக்காக மட்டும் அந்த வேலையை நினைக்கவில்லை. போன வாரம் அங்கே போய்ப் பாடிக் காட்டியபோது நாற்பது குழந்தைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ரோஸி

&nbsp;

ஆவடி
13-12-1936

அன்புள்ள ரோஸிக்கு,

நாற்பது குழந்தைகளோடு போட்டி போட என்னால் முடியாது. அந்த வேலை உனக்குப் பிடித்திருந்தால் அதைப் பற்றி நாம் பேச வேண்டும். கரையான்சாவடிக்குத் தினமும் போய் வர கன்னியப்பன் வண்டி இருக்கிறது, இக்னேஷியஸ் மச்சான் கடையில் சைக்கிள் இருக்கிறது. திங்கட்கிழமை போய் வெள்ளிக்கிழமை வந்தாலும் சரி. போகாதே என்று சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

நான் ஒரு பெட்டி செய்திருக்கிறேன். அனுப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

திரும்பி வந்த ஐந்து கட்டைகளையும் பிரித்தேன். அடிப்பலகை பலா, பக்கங்கள் வேம்பும் மாவும், முகப்பு தேக்கு. ஸ்டேஷன் படத்தை உள்பக்கமாகத் திருப்பிவிட்டேன், என் தலை இப்போது இருட்டில் இருக்கிறது. பூவரசிலிருந்து துருத்திப் பலகை. துருத்திக்குத் தோல் வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் ஆடிய கால்பந்து பரணில் கிடந்தது, அதை வெட்டினேன். துருத்தி தானாக விரிய ஒரு வில் வேண்டும். தூண்டில் மூங்கிலைச் சீவி வளைத்து, தூண்டில் நூலால் கட்டினேன். காற்று திரும்பாமல் அடைக்க வேண்டிய இடத்தில் தபால் தலை ஆல்பத்தின் அட்டை. என்னிடம் இருந்த பொழுதுபோக்கு எல்லாம் அதற்குள் போய்விட்டது. வெளியே ஒன்றும் தெரியாது. தெரிகிறது ஒரு பெட்டி, வருகிறது ஒரே ஒரு சுருதி.

சுருதிப் பெட்டி, ரோஸி. நீ ஆர்மோனியத்தைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். கோவிலில் நின்று பாடலாம், அடுப்பங்கரையில் பாடலாம். ஆனால் அதன் துருத்தியை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு முடிகிற வரைக்கும் எழுந்து போக முடியாது. அந்த வேலைக்கு ஆவடியில் ஒரு ஆள் இருக்கிறான்.

உள்ளே ஒலிக்கிற பித்தளை ரீடு உபதேசியார் கொடுத்தது. கோவிலின் பழைய ஆர்மோனியத்திலிருந்து கழற்றினார். அதில் ஐந்தரை ரீடு ஒடிந்திருந்தது, ஐந்துதான் கிடைத்தது. "நுனியை அரத்தால் இத்தனையோண்டு ராவினால் சுருதி ஏறும். ஐந்து ஐந்தரையாகிவிடும். ஒரு தேய்ப்பு அதிகமானால் ஆறுக்குப் போய்விடும், அப்புறம் உருப்படாது" என்றார். எங்கே நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். காதால்தான் என்றார். அவரே ராவிக் கொடுப்பதாகவும் சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.

எனக்குக் காது போதாது. மூன்று நாள் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தேய்ப்புகூடத் தேய்க்கவில்லை. எல்லம்மா வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டு, "இன்னா நைனா, அரத்த வச்சிகினு ஜெபமா?" என்று கேட்டாள்.

பெட்டி இப்போது ஐந்தில் நிற்கிறது. அரை குறைகிறது. உன் அளவு இல்லை என்று தெரிந்தே சொல்கிறேன். மூடிக்கு ஒரு கைப்பிடியும் வேண்டும், அதற்கும் மரம் பார்க்கவில்லை. மூடியின் உள்பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. பென்சில் பக்கத்தில் இருக்கிறது.

வேதமுத்து

&nbsp;

சேசு மரி சூசை
கரையான்சாவடி
18-12-1936

அன்புள்ள உங்களுக்கு,

தலைமைக் கன்னியாஸ்திரியைப் பார்த்துவிட்டு வந்தேன். வாரம் மூன்று நாள் வந்து பாட்டு மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன், தையலுக்கு வேறு ஆள் பாருங்கள் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். அண்ணன் ஒரு சைக்கிளைத் துடைத்து வைத்திருக்கிறான். எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது என்பதை இருவரும் மறந்துவிட்டீர்கள். மூன்று நாளும் கன்னியப்பன் வண்டிதான். "போறப்ப பூ இருக்காது, வர்றப்ப பூவோட வரலாம்மா" என்று இப்போதே சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் புறப்படுகிறேன். ஆர்மோனியம் மூடியோடு வருகிறது. அண்ணன் மூடியை மட்டுமாவது விட்டுவிட்டுப் போ என்று கேட்டுப் பார்த்தான். அவனுக்கு ஒரு ஆடுபுலிப் பலகை செய்து கொடுங்கள். அதில் வேறு எதையும் சேர்க்க வேண்டாம்.

கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசைக்கு நான் பாடுவதாக நம் உபதேசியாருக்குச் சொல்லிவிடுங்கள். துருத்தி தள்ளுகிறவர் சட்டையைத் துவைத்து வைத்துக்கொள்ளட்டும். பாட்டு நடுவில் ரயில் வந்தாலும் எழுந்து ஓடக் கூடாது.

அந்த ரீடை உபதேசியாரிடம் கொடுக்காமல் வைத்திருந்தது சரி. அரத்தை எடுத்து வையுங்கள். நீங்கள் தேயுங்கள், நான் கேட்கிறேன். போதும் என்று நான் சொன்னதும் கை நிற்க வேண்டும்.

கைப்பிடிக்கு மரம் தேட வேண்டாம். கதவுக்கு அண்ணன் ஒரு செங்கல் வைத்துவிட்டான். ஐந்து உங்களிடம் இருக்கிறது. அரையை நான் கொண்டு வருகிறேன்.

ரோஸி